மர்மம் என்று எழுதப்பட்ட காய்ச்சல்

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதலிரு வாரங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த செய்திகளில் ஒரு சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. 'மர்மக் காய்ச்சல்' என்பதே அது. காய்ச்சல் வந்தவர்கள் சில நாள்களுக்குள் மூச்சுத் திணறி இறந்துபோகிறார்கள், காரணம் தெரியவில்லை என்று எழுதினார்கள். வடமராட்சி, தென்மராட்சிப் பகுதிகளிலிருந்தே பெரும்பாலும் செய்தி வந்தது. மாதத்தின் நடுப்பகுதிக்குள் குறைந்தது ஏழு பேர் இறந்துவிட்டனர்.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைகளில் தலைப்புப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'மர்மம்' என்பது ஆசிரியபீடத்திற்கு மிகவும் வசதியான சொல். நான்கே எழுத்து. ஒற்றைப் பத்திக்குள் அடங்கும். பிறகு விளக்கம் எதுவும் தேவைப்படாது. ஆனால் அந்தச் சொல்லைப் படிக்கும் கமக்காரன் என்ன செய்வான்? மர்மத்திற்கு மருந்தில்லை என்று வீட்டில் இருந்துவிடுவான். இந்தக் காய்ச்சலில் வீட்டில் இருந்துவிடுவதுதான் ஆளைக் கொல்லும்.

சில நாள்களில் பரிசோதனை முடிவுகள் வந்தன. அது எலிக்காய்ச்சல். வைத்தியர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்பார்கள். நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலோடு வந்த பெருமழையில் குடாநாட்டின் வயல்களும் தெருக்களும் நாட்கணக்காக நீரில் கிடந்தன. எலிகளின், கால்நடைகளின் சிறுநீரோடு வெளியேறும் சுருள் வடிவப் பற்றீரியா அந்த நீரில் கலந்து, மனிதரின் காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும், கண், வாய் முதலியவற்றின் மென்தோல் வழியாகவும் உடலுக்குள் புகுந்தது. இலங்கைக்கு இது புதிய நோயல்ல. 2008ஆம் ஆண்டில் மட்டும் தீவு முழுவதும் 7,000க்கும் மேற்பட்டோரைப் பிடித்த நோய். ஆனால் அது தெற்கின் ஈரவலய வயல்களுக்கு உரியது, செம்மண்ணும் கிணற்றுப் பாசனமும் உள்ள நமது பகுதிக்கு உரியதல்ல என்ற எண்ணம் நம்மவரிடையே ஊறிப்போயிருந்தது. 'மர்மம்' பிறந்தது அந்த எண்ணத்திலிருந்துதான் என்பது என் கருத்து.

இந்த விடயத்தில் எனக்கு இத்தனை அக்கறை வரக் காரணம் உண்டு. என் சொந்த ஊர் பண்டத்தரிப்பு. சித்தப்பாவின் மகன் இன்னமும் அங்கே கமம் செய்கிறான், வயது ஐம்பத்திரண்டு. மழை வெள்ளம் வரம்பை மேவியபோது, காலபோகப் பயிர் அழுகிவிடுமென்று மண்வெட்டியோடு வயலுக்குள் இறங்கி வாய்க்கால் வெட்டிவிட்டவன். வெறுங்கால். குதிக்காலில் பித்தவெடிப்பு. ஒரு கிழமைக்குப் பின்பு காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் பனடோலும் மல்லித் தண்ணீரும். கெண்டைக்கால் தசை தொடவிடாமல் வலித்தது. வயல் வேலை செய்த நோ என்று நினைத்துக்கொண்டார்கள். கண் சிவந்தது, நித்திரையில்லாததால் என்றார்கள். நான்காம் நாள் மாலை அவனால் ஒரு வசனத்தை முழுமையாகப் பேசி முடிக்க இயலவில்லை.

அன்றிரவு அவனுடைய மகன் எனக்குத் தொலைபேசியில் சொன்னது இதுதான்: "பெரியப்பா, அப்பாவுக்கு நெஞ்சுக்கை சளி கட்டியிட்டுது எண்டு நினைச்சம். டொக்டர் சளி இல்லையாம், சுவாசப்பைக்கை தண்ணி கசிஞ்சு நிறைஞ்சிட்டுதாம் எண்டு சொல்லுறார். மெஷினிலை போடப் போகினமாம்."

ஆதார வைத்தியசாலையிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த பதினொரு நாள்கள் அவன் வென்டிலேற்றரின் உதவியால் சுவாசித்தான். அந்தப் பதினொரு நாள்களும் இங்கே றொறன்ரோவில் இருந்தபடி நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். படித்தேன். ஓய்வுபெற்ற வைத்திய நண்பர் ஒருவரை இரவு பகல் பாராமல் தொந்தரவு செய்து, புரியாததைக் கேட்டுத் தெளிந்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நமது சுவாசப்பைக்குள் முப்பது கோடிக்கும் குறையாத காற்றுச் சிற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி மயிர்த்துளைக் குழாய்கள் வலைபோலப் படர்ந்திருக்கின்றன. காற்றுக்கும் குருதிக்கும் இடையிலுள்ள சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அத்தனை மெல்லிய சுவராக இருப்பதால்தான் ஒட்சிசன் அதனூடே கடந்து போக முடிகிறது. அத்தனை மெல்லிய சுவராக இருப்பதால்தான் உடலில் எங்கோ மூளும் தீயில் அதுவே முதலில் கருகுகிறது. குருதியில் நச்சுக் கிருமி பரவும்போது, அதை எதிர்க்கும் உடலின் படை இந்தச் சுவரையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது. சுவர் கசிகிறது. புரதம் நிறைந்த நீர் சிற்றறைக்குள் இறங்குகிறது. எலிக்காய்ச்சலில் சிலருக்கு நீரோடு நிற்காமல் குருதியே இறங்கும். அப்போதுதான் இருமலில் இரத்தம் வரும். மிக ஆபத்தான நிலை அது.

வெளியே எவ்வளவு ஒட்சிசன் கொடுத்தாலும் நீர் நிறைந்த அறைக்குள் அது போய்ச் சேராது. வைத்தியர்கள் இந்த நிலையைத்தான் ஏ.ஆர்.டி.எஸ். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். தமிழில் கடுஞ்சுவாச இடர் எனலாம். இது தனியொரு நோயின் பெயரன்று. நிமோனியா, குருதியில் கிருமித் தொற்று, பெருங்காயம், கணைய அழற்சி, மூச்சுக்குழாய்க்குள் வாந்தி இறங்குதல் எனப் பல வாசல்கள் வழியாக மனிதர் வந்து சேரும் ஒரே கூடம் அது. எந்த வாசலால் வந்தார் என்று கண்டுபிடிப்பதில்தான் வைத்தியத்தின் பாதி இருக்கிறது.

இந்தக் கூடத்திற்குப் பெயர் கிடைத்தே அறுபது ஆண்டுகள் ஆகவில்லை. 1967இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆஷ்போ என்பவரும் அவருடைய சகாக்களும் தாங்கள் பார்த்த 12 நோயாளரைப் பற்றி 'லான்செற்' இதழில் எழுதினார்கள். ஒருவருக்கு விபத்துக் காயம், மற்றவருக்கு வைரசுத் தொற்று, இன்னொருவருக்குக் கணையத்தில் வருத்தம். காரணங்கள் வேறு வேறு. ஆனால் எல்லோருடைய சுவாசப்பையும் ஒரே விதமாக விறைத்து, ஒரே விதமாக நனைந்திருந்தது. பன்னிருவரில் எழுவர் இறந்தனர். அதே காலத்தில் வியட்நாம் போர்க்களத்து வைத்தியர்கள், குண்டுக் காயத்திலிருந்து பிழைத்த சிப்பாய்கள் ஓரிரு நாள் கழித்து மூச்சடைத்து இறப்பதைக் கண்டு அதற்கு 'டானாங் சுவாசப்பை' என்று பெயரிட்டிருந்தனர். அதைப் படித்தபோது, போர்க்காலத்தில் வைத்தியசாலை விறாந்தைகளில் செய்தி சேகரித்துத் திரிந்த நாள்கள் நினைவுக்கு வந்தன. "காயம் ஆறிக்கொண்டு வந்தது, மூன்றாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிச்சுது" என்று உறவினர் சொல்லக் கேட்டுக் குறிப்பெடுத்திருக்கிறேன். அச்சில் 'சிகிச்சை பலனின்றி' என்ற இரண்டு சொற்களில் அது முடிந்துவிடும்.

இனி வென்டிலேற்றர் பற்றி. நம்மவரிடையே இந்த இயந்திரத்தைப் பற்றி இரண்டு எண்ணங்கள் உண்டு. மெஷினில் போட்டால் ஆள் முடிந்தது என்பது ஒன்று. மெஷின் நோயைக் குணப்படுத்துகிறது என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. இயந்திரம் எதையும் குணப்படுத்துவதில்லை. அது காலத்தை வாங்கித் தருகிறது. அந்தக் காலத்திற்குள் மருந்து கிருமியைக் கொல்ல வேண்டும், கசிந்த சுவர் தானாக மூடவேண்டும். பிழையாகப் பாவித்தால் அதே இயந்திரம் எஞ்சியிருக்கும் சுவாசப்பையையும் கிழித்துவிடும்.

இதற்குக் காரணத்தை விளங்கிக்கொண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. சி.ரி. ஸ்கான் எடுத்துப் பார்த்தால், நனைந்த சுவாசப்பையில் காற்றுப் போய்வரக்கூடிய பகுதி சிறிதளவே எஞ்சியிருக்கும். இத்தாலிய வைத்தியர் கற்றினோனி அதைக் குழந்தையின் சுவாசப்பை என்று வருணித்தார். ஐம்பத்திரண்டு வயதுக் கமக்காரனின் விரிந்த நெஞ்சுக்குள் ஐந்தாறு வயதுப் பிள்ளையின் சுவாசப்பை! வளர்ந்தவனுக்குரிய மூச்சை அதற்குள் திணித்தால் என்ன ஆகும்? முன்பு அப்படித்தான் திணித்தார்கள். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 12 மில்லிலீற்றர் என்பது வழக்கமாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளரிடம் நடந்த ஆய்வொன்று வெளியானது. ஒரு பகுதியினருக்குப் பழைய அளவு, மறுபகுதியினருக்கு அதில் பாதியான 6 மில்லிலீற்றர். பழைய அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். பாதி அளவில் 31 பேர். புதிய மருந்தில்லை, புதிய இயந்திரமில்லை. அளவைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. எடையென்பது தராசு காட்டும் எடையன்று. உயரத்தைக் கொண்டு கணக்கிடும் எடை. சாப்பிட்டுப் பருத்தவனுக்குச் சுவாசப்பை பருப்பதில்லையே. 165 சென்ரிமீற்றர் உயரமான ஆணுக்குக் கணக்குப் பார்த்தால் மூச்சொன்றுக்கு ஏறத்தாழ 370 மில்லிலீற்றர் வரும். இரண்டு தேநீர்க் கோப்பை.

மற்றொன்று, குப்புறப் படுக்க வைத்தல். மல்லாந்து கிடக்கும்போது இதயமும் வயிறும் சுவாசப்பையின் முதுகுப்பக்கத்தை நசுக்குகின்றன. நீரும் அந்தப் பக்கமே தேங்குகிறது. ஆளைக் கவிழ்த்துப் போட்டால் மூடியிருந்த சிற்றறைகள் மெல்லத் திறக்கின்றன. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், நிலைமை மோசமாக இருந்த 466 பேரில் ஒரு பகுதியினரை நாளொன்றுக்குக் குறைந்தது 16 மணித்தியாலம் தொடர்ச்சியாகக் குப்புறக் கிடத்தினார்கள். 28 நாள்களுக்குள் அவர்களில் 16 வீதத்தினர் இறந்தனர். மல்லாந்து கிடந்தவர்களில் 33 வீதத்தினர். கோவிட் காலத்தில், 2020இலும் 2021இலும், உலகெங்கும் இதைக் கண்டோம். குழாய்கள் கழன்றுவிடாமல் ஒருவரைக் கவிழ்க்க நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கை கொடுக்க வேண்டும். தம்பியைக் கவிழ்த்த முதல் நாள் அவனுடைய மகன் பதறிப்போனான். "பெரியப்பா, முகத்தைத் தலைகாணியிலை அமத்தி வைச்சிருக்கினம்." அந்தக் காட்சி எந்தப் பிள்ளைக்கும் அச்சம் தருவதுதான். தாதி ஒருவர் அவனை அழைத்து, திரையில் ஒட்சிசன் அளவு ஏறுவதைக் காட்டியிருக்கிறார்.

சேலைன் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மூரில் ஆஸ்பத்திரிக்குப் போனவருக்குச் சேலைன் ஏற்றவில்லையென்றால் அவரைக் கவனிக்கவில்லை என்று பொருள். உறவினர்கள் வந்து முதலில் பார்ப்பது தொங்கும் போத்தலைத்தான். கசியும் சுவாசப்பைக்கு அந்தப் போத்தலே சுமை. இரத்த அழுத்தம் தாழ்ந்தபோது நீர் தேவை. அழுத்தம் நிலைபெற்றபின் மிகையாக ஏற்றும் நீர் சிற்றறைக்குள்தான் போய்ச் சேரும். நீரைக் கட்டுப்படுத்தினால் இயந்திரத்திலிருந்து விரைவில் விடுபடலாம் என்பதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. எலிக்காய்ச்சலில் சிறுநீரகமும் பழுதாவதால் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. போத்தல் தொங்கவில்லையே என்று சண்டை பிடிக்கும் மாமாக்கள் இதைக் கவனிக்க.

தம்பி பிழைத்தான். தை பிறந்த பின்பே வீட்டுக்கு வந்தான். வந்தபோது நாற்பது யார் தொலைவிலுள்ள கிணற்றடிக்கு நடக்க இரண்டு தரம் இருந்து எழும்ப வேண்டியிருந்தது. கை கால் தசைகள் கரைந்துவிட்டிருந்தன. பல மாதங்கள் இரவில் திடுக்கிட்டு விழித்தான். இயந்திரத்திலிருந்து மீண்டவர்களுக்கு இவை பொதுவானவை என்று என் நண்பர் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் இவை எழுதப்படுவதில்லை.

மூச்சை இழுத்துப் பிடித்துக் கொடுத்தது இயந்திரம் என்றால், உயிரைக் கொடுத்தது ஊசியில் போன நுண்ணுயிர்க்கொல்லி. அதைத் தொடங்க வைத்தது ஒரு கேள்வி. அனுமதித்த இளம் வைத்தியர், பரிசோதனை முடிவு எதுவும் வருமுன்பே, "வயலுக்குள்ளை இறங்கினனீங்களோ?" என்று கேட்டிருக்கிறார். ஆமென்றதும் மருந்து ஏறியது. எலிக்காய்ச்சலுக்குப் பெனிசிலினும் செப்ட்ரியாக்சோனும் டொக்சிசைக்கிளினும் உண்டு. எல்லாம் பழைய மருந்துகள், மலிவானவை.

1995இல் மத்திய அமெரிக்காவின் நிக்கராகுவா நாட்டிலும் இப்படியே நடந்தது. பெருமழை, வெள்ளம், காய்ச்சல், இரத்தம் கக்கி மரணம். மஞ்சட் காமாலை இல்லாததால் எலிக்காய்ச்சல் என்று எவரும் நினைக்கவில்லை. டெங்கோ, புதிய வைரசோ என்று தேடினார்கள். இறந்தவர்களின் இழையங்களை ஆராய்ந்தபோதுதான் லெப்டோஸ்பைரா அகப்பட்டது. மஞ்சள் இல்லையென்றால் எலிக்காய்ச்சல் இல்லை என்ற நம்பிக்கை இன்றும் நம்மிடையே இருக்கிறது.

வடபகுதியில் இன்னொரு காய்ச்சலும் இதே கூடத்திற்குள் ஆளைக் கொண்டுபோய் விடுகிறது. பற்றைக் காடுகளில் இருக்கும் மிகச் சிறிய உண்ணி கடிப்பதால் வரும் உண்ணிக்காய்ச்சல். கடித்த இடத்தில், அக்குளிலோ அரையிலோ, சுருட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது; அதனால் எவரும் காட்டமாட்டார்கள். இதற்குப் பெனிசிலின் வகை மருந்துகள் பயன்படா. டொக்சிசைக்கிளினோ அசித்ரோமைசினோ வேண்டும். கடும் உண்ணிக்காய்ச்சலுக்கு இரண்டையும் சேர்த்து நாளத்தில் ஏற்றினால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிக்கல்கள் குறைகின்றன என்று, ஏறத்தாழ 800 நோயாளரைக் கொண்டு இந்தியாவில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சுவாசப்பை பாதிக்கப்பட்டிருந்தது.

அந்த ஆய்வை முன்னின்று நடத்தியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஊர்ப் பெருமை பேசுவதாக நினைக்கவேண்டாம். ஆனால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து மருத்துவத் தொண்டுக்கென்று 1819இல் கப்பலேறிய ஜோன் ஸ்கடர், 1820இல் வந்து தங்கி வைத்தியம் பார்த்த ஊர் பண்டத்தரிப்பு. அவருடைய மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1822இல் பிறந்தது எங்களூரில். ஜோன் ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர்தான் வேலூரில் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர். ஸ்கடருக்குப் பின்பு 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். பலருக்குத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றையும் சத்திர வைத்தியத்தையும் தமிழில் நூல்களாக்கினார். நோய்க்கும் உறுப்புக்கும் தமிழில் பெயர் தேடித் தவமிருந்த அந்த மண்ணில், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்பு, தெரிந்த ஒரு நோய்க்கு 'மர்மம்' என்று பெயர் வைத்தோமே என்பதுதான் என் மனத்தாங்கல்.

பெயர் இல்லாமற் போவதற்கு ஏழ்மையும் ஒரு காரணம். 2012இல் வகுத்த வரையறையின்படி, ஒருவருக்குக் கடுஞ்சுவாச இடர் இருக்கிறது என்று சொல்வதற்கு இயந்திர அழுத்தத்தின் உதவியும் நாடிக் குருதியின் வாயுப் பரிசோதனையும் வேண்டும். இரண்டும் இல்லாத சிறிய வைத்தியசாலையில் அந்த நோயே இல்லை என்றாகிவிடும். ருவாண்டாவின் கிகாலி நகரில் பணியாற்றிய வைத்தியர்கள் இதை எதிர்த்து, விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஒக்சிமீற்றரைக் கொண்டே கணிக்கும் முறையை வகுத்து 2016இல் வெளியிட்டார்கள். 2023இல் வகுத்த உலகளாவிய புதிய வரையறை அந்த வழியை ஏற்றுக்கொண்டது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையை மீண்டும் வெள்ளக்காடாக்கியபோது, எலிக்காய்ச்சல் எச்சரிக்கையும் கூடவே வந்தது. வயலில் இறங்குவோருக்கு வாரம் ஒரு முறை முற்காப்பாக டொக்சிசைக்கிளின் கொடுக்கும் வழக்கம் இலங்கையில் பல ஆண்டுகளாக உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் சொல்வார்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் தாமாக எடுக்கலாகாது.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து மாரிகாலத்தில் ஊருக்குப் பேசும்போது, காய்ச்சல் என்று சொன்னால், எத்தனை பாகை என்று மட்டும் கேட்காதீர்கள். வெள்ளத்துக்குள் இறங்கினாரா, கெண்டைக்கால் நோகிறதா, சிறுநீர் குறைந்ததா என்று கேளுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம், நெஞ்சு எழும்பித் தாழ்வதை ஒரு நிமிடம் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். அமைதியாக இருக்கும் வளர்ந்தவருக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை வரும். இருபத்திரண்டைத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்கவேண்டாம். முப்பதைத் தாண்டினால் தொலைபேசியை வைத்துவிட்டு 1990 அம்புலன்சைக் கூப்பிடச் சொல்லுங்கள்.